75 படுக்கைக் காப்பகத்தை எப்படி மூடுவது?

சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் தெரு, கதவு எண் 1950. இப்போது அங்கே 157 வீடுகள் கொண்ட குறைந்த வாடகைக் குடியிருப்பு நிற்கிறது, 2021-இல் ஆட்கள் குடிவந்தார்கள். அதற்கு முன், 2015 மார்ச் முதல் 2018 வரை, அதே மனையில் இருந்த பழைய பள்ளிக்கூட வளாகத்தில்தான் அந்த நகரத்தின் முதல் ‘நேவிகேஷன் சென்டர்’, அதாவது வீடற்றவர்கள் தங்கி நிரந்தர வீட்டுக்கு வழி தேடும் தற்காலிகக் காப்பகம், நடந்தது. 75 படுக்கை. ஒருநாள் இடித்து வீடு கட்டப்போகிற மனை என்று தெரிந்தேதான் திறந்தார்கள். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் திறந்த கதையைத்தான் சொல்கிறார்கள். மூடும் வேலையைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. என் வாதம் இதுதான்: தற்காலிகக் காப்பகம் என்றால், மூடுவதற்கான திட்டமும் அதற்கான பணமும் முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

முதலில் ‘தடை குறைந்த காப்பகம்’ என்றால் என்ன? வழக்கமான காப்பகத்தில் சாயங்காலம் வரிசையில் நின்றால்தான் படுக்கை, விடிந்ததும் வெளியே. ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். நாய்க்கு அனுமதி இல்லை. கையில் இரண்டு பைக்கு மேல் இருந்தால் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இதனால்தான் பலர் பாலத்தடியே மேல் என்று இருந்துவிடுகிறார்கள். நேவிகேஷன் சென்டர் துணையையும் வளர்ப்புப் பிராணியையும் மூட்டைமுடிச்சையும் உள்ளே விட்டது. எந்நேரமும் போகலாம், வரலாம். பிறகு 2019-இல் கலிஃபோர்னியா சட்டமே இந்த மாதிரிக் காப்பகங்களுக்கு இலக்கணம் எழுதியது.

‘தடை குறைவு’ என்றால் ‘விதியே இல்லை’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நடத்தினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. குடித்துவிட்டு வரலாம், உள்ளே விற்கக் கூடாது. ஆயுதம் கூடாது, அடிதடி கூடாது. போதைப் பழக்கம் உள்ளவரை உள்ளே விடுகிறோம் என்றால் கட்டடமும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஊழியர் வெளியிலிருந்தே பூட்டைத் திறக்க முடிய வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, போதை மயக்கத்தை முறிக்கும் நலோக்ஸோன் ஸ்பிரேயை ஒரு மூக்குத் துளையில் அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மறு துளையில் இரண்டாவது. மூட்டைமுடிச்சை அனுமதித்தால் மூட்டைப்பூச்சியும் கூடவே வரும். துணிகளை அதிகச் சூட்டில் அரை மணி நேரம் உலர்த்தியில் ஓட்டிவிட்டுத்தான் படுக்கைப் பக்கம் விட வேண்டும். வந்த அன்றே இதைச் செய்யவில்லை என்றால் பிறகு மொத்த அறையையும் காலி செய்ய வேண்டிவரும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சிக்கல் வெளியே போகிற வாசலில் இருக்கிறது. வீடு கேட்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். சான்று வாங்க அட்டை கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் பிறந்தவருக்குச் சான்றும், அங்கே வசிப்பவருக்கு அட்டையும் கட்டணமில்லாமல் கிடைக்கும். அவர் வீடற்றவர்தான் என்று சேவை அமைப்பு கையெழுத்துப் போட்டால் போதும். வேறு மாநிலத்தில் பிறந்தவர் என்றால் வாரக்கணக்கில் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரின் தாள், வீடு வேலைகளைப் பின்தொடரும் ஊழியர்தான் கேஸ் மேனேஜர். ஒருவரிடம் 20 பேருக்கு மேல் கொடுத்தால் இந்த வேலை நகராது. 75 படுக்கைக்கு நான்கு பேராவது வேண்டும்.

வவுச்சர், அதாவது அரசின் வாடகை உதவிச் சீட்டு, கிடைத்தாலும் வீடு கிடைத்தது என்று அர்த்தமில்லை. வாடகையில் தன் வருமானத்தின் 30 சதவீதம் அளவு அவர் கட்டுவார், மீதியை அரசு கட்டும். ஆனால் வீட்டைப் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சுவர் பிளக்கின் மூடி உடைந்திருந்தால் போச்சு, மறுபரிசோதனை. அதுவரை வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார், வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவரைக் காத்திருக்க வைக்கவே கொடுக்க ஒரு தொகை கையிருப்பில் வேண்டும். வீடு வராதபோது படுக்கை அடைத்துக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோவிலும் அதுதான் நடந்தது. முதலில் வீடு கிடைக்கும்வரை இருக்கலாம் என்றவர்கள், பிறகு பலருக்கு 30 நாள் கெடு வைத்தார்கள். வெளியேறியவர்களின் வெற்றிக் கணக்கில் பஸ் டிக்கெட்டோடு சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர்களும் சேர்ந்தே இருந்தார்கள். அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்காமல் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி மூடுவது. புது ஆள் சேர்ப்பதைக் கடைசி நாளுக்கு 90 நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் படுக்கை காலியாகும். ‘தெருவில் ஆள் கிடக்கிறது, இங்கே பாதிக் கட்டில் சும்மா கிடக்கிறதே’ என்று படத்தோடு செய்தி வரும். அதற்குப் பயந்து மறுபடி ஆள் சேர்த்தால், கடைசி வாரத்தில் தாள் எதுவும் தயாராகாத 20 பேர் கையில் நிற்பார்கள். நிரம்பிய படுக்கைக் கணக்குக்குப் பணம் தரும் ஒப்பந்தம் இன்னும் மோசம். ஆள் குறையக் குறைய வருமானம் குறையும், ஆனால் இரவு ஷிப்டுக்கு அதே ஊழியர் வேண்டும். கடைசி நான்கு மாதத்துக்கு மொத்தத் தொகை என்று எழுதி வாங்க வேண்டும்.

மூடப்போகிறோம் என்று சொன்ன மறுநாளே ஊழியர்கள் வேறு வேலை தேட ஆரம்பிப்பார்கள். தப்பில்லை, அவர்களும் வாடகை கட்டுகிறவர்கள்தான். போகிறவர்களில் கேஸ் மேனேஜரும் இருப்பார், அவரோடு 20 பேரின் கதையும் போகும். கடைசிவரை இருந்தால் இவ்வளவு பணம் என்று அறிவிப்போடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

மாதக் கடைசியில் மூடாதீர்கள். புது வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒன்றாம் தேதி தொடங்கும், வருமானம் குறைந்த முதியோருக்கும் உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும் அரசு தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகையும் அன்றுதான் வரும். 31-ஆம் தேதி கதவைச் சாத்தினால் ஒரு சாவி இரண்டு நாள் தாமதமானாலும் அந்த ஆள் தெருவில். 10-ஆம் தேதி வாக்கில், வாரத்தின் நடுவில் வையுங்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் திங்கள்வரை எந்த அலுவலகமும் போன் எடுக்காது.

அவசரத்தில் எங்கேயாவது ஒரு கட்டில் என்று அனுப்புவதிலும் கண்ணி இருக்கிறது. உதவிச் சேவைகளோடு சேர்த்துத் தரும் நிரந்தர ஆதரவு வீடு பெரும்பாலும் ‘நீண்டகால வீடற்றோர்’ என்ற தகுதிக்குத்தான் கிடைக்கும். உடல் அல்லது மனநலக் குறைபாட்டோடு, தொடர்ந்து 12 மாதம், அல்லது மூன்று ஆண்டில் நான்கு தடவையாகச் சேர்ந்து 12 மாதம் வீடில்லாமல் இருந்திருக்க வேண்டும். அவசரக் காப்பகத்தில் கழித்த இரவுகள் இந்தக் கணக்கில் சேரும். குறிப்பிட்ட காலம் மட்டும் தங்கவிடும் ‘இடைக்கால வீடு’ திட்டத்துக்கு மாற்றிவிட்டால் அந்தத் தகுதியே போய்விடலாம். நல்லது செய்வதாக நினைத்து அனுப்பிவைத்தவரே அவருடைய வீட்டைப் பறித்தவராகிவிடுவார்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இங்கே தங்கினார் என்று அமைப்பின் தாளில், கையெழுத்தோடு, இரண்டு பிரதி. ஒன்று அவர் கையில், ஒன்று கோப்பில். கையில் உள்ளது மழையில் நனையும், இல்லாவிட்டால் கூடாரத்தைப் பிடுங்கும்போது குப்பையோடு போகும். ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். அன்று கூப்பிட ஒரு எண் உயிரோடு இருக்க வேண்டும். பூட்டிய ஒரு அலமாரி, ஒரு போன், அதை எடுக்க ஒரு பகுதிநேர ஊழியர், ஓராண்டுக்கு. ஒப்பந்தத்தில் இந்த வரி மட்டும்தான் எப்போதும் விட்டுப்போகிறது.