சூடோவின் ஆய்வு தயிரைப் பற்றியது அல்ல

"குடல் கிருமியைச் சரிசெய்தால் மன அழுத்தம் தீரும் என்று ஜப்பானின் சூடோ நிரூபித்துவிட்டார், தினமும் தயிர் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் உளவுடலியல் மருத்துவம் (மனநிலை உடல்நலத்தைப் பாதிப்பதைக் கவனிக்கும் துறை) பார்த்த நொபுயுகி சூடோவும் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட அந்த ஆய்வு எலிகளில் நடந்தது. உடலில் எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்த்த எலிகளை அசையவிடாமல் அடைத்தபோது, அவற்றின் அழுத்த ஹார்மோன்கள் சாதாரண எலிகளைவிட அதிகமாக எகிறின. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற ஒரே நுண்ணுயிரைக் குடியேற்றியதும் அது தணிந்தது. நோய் உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவோ அந்த எகிறலை இன்னும் கூட்டியது. சாதாரண எலிகளின் குடல் கிருமிகள் இருக்கும் மலத்தை இந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இளம் வயதில் கொடுத்தால் ஓரளவு பலன் கிடைத்தது. பிந்திக் கொடுத்தால் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது இதுதான், பகிர்பவர்கள் விட்டுவிடுவதும் இதையேதான்.

வளர்ந்த மனிதர் தயிர் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதில் விடை இல்லை. எலிகளின் பதற்றத்தைக் குறைத்த லாக்டோபாசில்லஸ் வகையைச் சேர்ந்த வேறொரு நுண்ணுயிர், 2017-இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 29 ஆண்களிடம் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை.

தயிர் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். மனநல மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் அந்த வரியை நம்பி நிறுத்திவிட வேண்டாம். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரும், நோயும் திரும்பலாம். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.