கணினி கிராஷாகி நீலத்திரை வந்தாலே புது ராம் (நினைவகம்) பழுது என்று அர்த்தமில்லை
"ராம் கூட்டியதும் நீலத்திரை வந்தால் புது ராம்தான் பழுது, நேரே சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதிக்குப் போய் மாற்றுங்கள்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவசரப்படாதீர்கள் அண்ணே.

பழையது இரண்டு, புதியது இரண்டு என நான்கு டிடிஆர்4 வகை ராமைச் செருகி 3600 வேகத்தில் ஓட்டினால் நல்ல ராம்கூடத் தடுமாறும். அந்த வேகம் எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) தருவது, ப்ராசசர் உத்தரவாதம் தருவதில்லை. முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள். வேகம் 2133, 2400 என்று இறங்கலாம், பரவாயில்லை. கிராஷ் நின்றால் பெரும்பாலும் ராமில் குறையில்லை.

நிற்கவில்லையா? சரி, ஒவ்வொன்றாகத் தனியே செருகி மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரலை ஓட்டுங்கள். சிவப்பில் பிழை வந்தால் அதையே வேறு ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள். அங்கேயும் வந்தால் தாராளமாகக் கடைக்குக் கிளம்பலாம். அப்புறம், ரசீதை மறக்காதீர்கள்.