வெண்டைக்காயின் நுனியை உடைத்துப் பார்த்த பாட்டி

"படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்." இதைக் கேட்காமல் நம்மில் எத்தனை பேர் வளர்ந்திருப்போம்? சிகாகோவில் என் மகளின் பள்ளித் தோட்டத்தில் சனிக்கிழமைகளில் உதவப் போகிறேன். அங்கே ஒரு கறுப்பினப் பாட்டி ஏறக்குறைய இதையேதான் சொன்னார். "என் அப்பா மிசிசிப்பி பருத்திக் காட்டை விட்டு இங்கே வந்ததே, எங்கள் பிள்ளைகள் கையில் மண்வெட்டி இருக்கக் கூடாது என்றுதான். இப்போது பள்ளிக்கூடமே என் பேரனுக்கு அதை எடுத்துக் கொடுக்கிறதே!"

அமெரிக்காவில் நகரத்துப் பள்ளிகளிலும் விவசாயம் பாடமாக இருக்கிறது. சிகாகோ நகர எல்லைக்குள்ளேயே 72 ஏக்கர் பண்ணையோடு ஒரு வேளாண் உயர்நிலைப் பள்ளி 1985 முதல் நடக்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் சால் வேளாண் பள்ளி 1943இல் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் இப்படிப்பட்ட வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை: "இந்தப் பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது, பால் எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாது."

தெரியாமல் இல்லை. யாரும் கேட்டதில்லை.

அந்தப் பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஒரு நாள் பேரனை அழைத்துப் போக வந்தவர், வெண்டைப் பாத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒரு காயைப் பிடித்து நுனியை டக்கென்று உடைக்கப் பார்த்தார். உடையவில்லை, வளைந்தது. "முற்றிவிட்டது. இரண்டு நாள் முன்பே பறித்திருக்க வேண்டும்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் என் அம்மா கடைக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டே செய்யும் அதே வேலை! சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுப் பறி என்று பேரனிடம் சொன்னார். விதையை இரவே ஊறப்போட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையன் தன் பாட்டியை அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த பயிர் வெண்டை. லூசியானாவின் கம்போ குழம்புக்குப் பெயர் கொடுத்ததும் வெண்டையைக் குறிக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சொல்தான். இதை முதல் பாடமாக வைத்துவிட்டு, அப்புறம் முளைப்புத்திறன், விதை உறை என்று அறிவியலுக்குப் போனால் என்ன குறைந்துவிடும்? பண்பாட்டை ஒட்டிய கற்பித்தல் என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான். கறுப்பினர் வரலாற்று மாதமான பிப்ரவரியில் கறுப்பின வேளாண் விஞ்ஞானி கார்வரின் படத்தைச் சுவரில் ஒட்டுவதும், வருடத்துக்கு ஒரு நாள் உணவுத் திருவிழா வைப்பதும் போதாது.

கசப்பான கதையையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். 1920இல் அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. கடன் கொடுப்பதில் அரசு பாகுபாடு காட்டியதாக அவர்கள் தொடுத்த வழக்கில் 1999இல்தான் உடன்பாடு வந்தது. கறுப்பின மாணவர்களுக்கென 1935இல் தேசிய அளவில் தொடங்கிய விவசாய மாணவர் சங்கம் 1965இல் எஃப்.எஃப்.ஏ. என்ற பெரிய விவசாய மாணவர் சங்கத்தோடு இணைக்கப்பட்டபோது, அவர்களின் கறுப்பு மேலங்கியும் சின்னமும் போய்விட்டன. பெரிய சங்கத்தின் நீல மேலங்கி மட்டும் மிஞ்சியது. அதை இன்று போட்டுக்கொள்ளும் கறுப்பினப் பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா? இதையெல்லாம் சொல்லாமல் "விவசாயம் உன்னதமான தொழில்" என்றால் அந்தப் பாட்டி எப்படி நம்புவார்? அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இந்த வருடம் ஆசிரியை முதல் வகுப்பில் பலகையில் ஒரு கேள்வி எழுதினாராம்: "உங்கள் குடும்பத்தில் கடைசியாக மண்ணில் வேலை செய்தவர் யார்? வீட்டில் கேட்டு வாருங்கள்." மிசிசிப்பி, ஆர்கன்சா, மெக்சிகோவின் மிச்சோவாகான் என்று பதில்கள் வந்திருக்கின்றன. என் மகளும் என்னிடம் வந்து கேட்டாள். லால்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வயல், அதை விற்றுத்தான் என் அப்பா என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். பதினைந்து வயதாகிறது அவளுக்கு; இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அன்றிரவு ஊருக்கு வீடியோ கால் போட்டோம். "தாத்தா, நாத்து எத்தனை நாள்ல பிடுங்குவீங்க?" என்று அவள் கேட்க, அப்பா நாற்காலியை போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.