கொதிக்க வைத்தால் ஈயம் போய்விடுமா?

"குழாய்த் தண்ணீரில் ஈயம் இருந்தால் பயப்படாதீர்கள், நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும்" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. கொதித்தால் கிருமிதான் சாகும். ஈயம் ஓர் உலோகம், ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

உடலுக்குள் போன ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் மீண்டும் ரத்தத்தில் கலந்து கருவையும் எட்டும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். குழந்தைகளை நினைத்தால்தான் பெரிய கவலை: உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக அவர்கள் உடல் உறிஞ்சும். வெளியே அறிகுறி தெரியாமலே மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தேகம் இருந்தால் தண்ணீரையும் குழந்தையின் ரத்தத்தையும் பரிசோதியுங்கள். ஈயத்தை நீக்குவதாகச் சான்று பெற்ற வடிகட்டியையே வாங்குங்கள்.