சங்கீதம் 91, இருபத்தொரு தடவை

போன வாரம் என் பெரியம்மா வாட்ஸாப்பில் ஒரு ஃபார்வர்டு அனுப்பினார். பைபிளில் இருக்கிற சங்கீதம் 91-ஐ காலையில் எழுந்ததும் யாரிடமும் பேசாமல் 21 தடவை சொல்ல வேண்டும், 7 நாள் விடாமல் சொல்ல வேண்டும், நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அப்படிச் செய்தால் யார் வைத்த சூனியமாக இருந்தாலும் வைத்தவனிடமே திரும்பிப் போய்விடும். கீழே ஒரு சிலுவை, இரண்டு புறா. பெரியம்மா ராசிபலன் பக்கத்தைக்கூடப் புரட்டிவிட்டுப் போகிறவர், மந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர். அவரிடமிருந்து இது வந்ததுதான் என்னை உட்கார வைத்து இதை எழுத வைக்கிறது.

மந்திரத்தைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று எந்த விசுவாசியைக் கேட்டாலும் உடனே உபாகமம் 18-ஐத் திறப்பார். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன், மாயவித்தைக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன், இவர்கள் யாரும் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம். பழைய மொழிபெயர்ப்புக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த அத்தனை தொழில்பெயரையும் வரிசையாகக் கொட்டிவிட்டார்கள் என்று தோன்றும். எபிரெயத்திலும் அது நீளமான பட்டியல்தான். அதில் மந்திரம் போடுகிறவனுக்கு வருகிற சொல்லின் வேர் 'ஹாபர்'. அதற்குக் கட்டுதல், பிணைத்தல் என்று பொருள். நாம் மந்திரக்கட்டு, வாய்க்கட்டு என்று சொல்கிறோமே, அந்தக் கட்டுதான். இன்னொரு சொல் 'லகஷ்', முணுமுணுத்தல். சங்கீதம் 58-இல் செவிட்டு விரியனுக்கு முன்னால் பாம்பாட்டிகள் ஊதுகிறார்கள் என்று தமிழில் படிக்கிறோம், எபிரெயத்தில் அவர்கள் முணுமுணுக்கிறவர்கள். ஆக, ஒரு பக்கம் கட்டுவது, இன்னொரு பக்கம் முணுமுணுப்பது. வார்த்தையைச் சொல்லி ஒன்றைப் பிடித்து நிறுத்துவது, மந்திரம் என்பதன் மொத்தச் சரக்கும் இதுதான்.

சரி, இது ஏன் கூடாது? இந்த இடத்தில் பொதுவாக இரண்டு பதில் வரும். படித்தவர்கள், அதெல்லாம் பொய், மூடநம்பிக்கை, அதனால்தான் வேதம் தடுத்தது என்பார்கள். மற்றவர்கள், அது நிஜம், அதற்குப் பின்னால் பிசாசு இருக்கிறது, அதனால்தான் தடுத்தது என்பார்கள். எனக்கு இரண்டுமே முழுசாக ஒட்டவில்லை. யாத்திராகமம் 7, 8 அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். மோசேயும் ஆரோனும் செய்ததைப் போலவே எகிப்தின் மந்திரவாதிகளும் கோலைப் பாம்பாக்குகிறார்கள், தண்ணீரை இரத்தமாக்குகிறார்கள், தவளையையும் வரவைக்கிறார்கள். எழுதியவர் அதைக் கண்கட்டு வித்தை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. (நாடெல்லாம் தவளை துள்ளிக்கொண்டிருக்கும்போது திறமையைக் காட்ட இன்னும் கொஞ்சம் தவளையை வரவழைத்த அந்த அரசாங்க ஊழியர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். இருப்பதைப் போகச் செய்திருந்தாலாவது உபயோகம்.) பேன் வந்த இடத்தில் அவர்கள் கைவிரிக்கிறார்கள், "இது தேவனுடைய விரல்" என்று அவர்களே பார்வோனிடம் சொல்கிறார்கள். மந்திரம் பலிக்குமா பலிக்காதா என்று விவாதம் நடத்துவதில் அந்தக் கதைக்கு அக்கறையே இல்லை. அது ஓர் இடம்வரை போகும், அதற்குமேல் போகாது, எல்லைக்கோடு வேறொருவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்வது.

சுற்றியிருந்த நாடுகளிலும் சூனியம் குற்றம்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. பாபிலோனிய ராஜா ஹமுராபியின் சட்டத்தில் இரண்டாவது விதியே சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவனை ஆற்றில் குதிக்கச் சொல்கிறது. ஆனால் அங்கே சூனியத்தை முறியடிப்பதற்கு அதிகாரபூர்வமான மந்திரவாதிகள் இருந்தார்கள், அது மதிப்பான உத்தியோகம். மக்லூ என்று பாபிலோனிய மந்திரத் தொகுப்பு ஒன்று உண்டு, எட்டு களிமண் பலகைகளும் சடங்குக்குத் தனியாக இன்னொரு பலகையும், கிட்டத்தட்ட நூறு மந்திரங்கள். சூனியக்காரியின் உருவத்தைச் செய்து நெருப்பில் போட்டு, வைத்ததை வைத்தவளிடமே திருப்பி அனுப்புவது அதன் வேலை. பெரியம்மாவின் ஃபார்வர்டில் இருந்த அதே வாக்குறுதி! மக்லூ என்றாலே எரித்தல் என்றுதான் பொருள். அண்டை நாட்டுச் சட்டம் கெட்ட மந்திரத்தைத் தடுத்து நல்ல மந்திரத்தைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது, உபாகமத்தின் பட்டியலில் அந்தப் பிரிவினையே இல்லை. வைக்கிறவனும் வேண்டாம், எடுக்கிறவனும் வேண்டாம். ஏசாயா 47-இல் பாபிலோனைப் பார்த்து, சின்ன வயசிலிருந்து பாடுபட்டுப் பழகிய உன் சூனியங்களை வைத்துக்கொண்டு நின்று பார், ஏதாவது பிரயோஜனம் இருக்கிறதா பார்ப்போம் என்று கிண்டலாக வருகிற இடம் இந்தக் கோபத்தில் வருவதுதான்.

பிலேயாம் கதையை ஞாயிறு பள்ளியில் பேசும் கழுதைக் கதையாகவே முடித்துவிடுகிறோம். உண்மையில் அது மந்திரத்தைப் பற்றிய கதை. மோவாபின் ராஜா பாலாக் ஒரு தொழில்முறை ஆளைக் கூலி பேசி அழைக்கிறான், இஸ்ரவேலைச் சபிப்பதற்கு. பிலேயாம் அந்தக் காலத்தில் பெயர்போன ஆள்தான். ஜோர்தானில் டெயிர் அல்லா என்ற இடத்தில் 1967-இல் கிடைத்த சுவர் எழுத்துகளில் பேயோரின் மகன் பிலேயாம் என்று அவன் பெயர் அப்படியே இருக்கிறது, வேதத்துக்கு வெளியே. பாலாக் ஓர் இடத்திலிருந்து சபிக்கச் சொல்கிறான், ஆசீர்வாதம் வருகிறது. இடத்தை மாற்றிப் பார்க்கிறான், ஏழு பலிபீடம், ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா, மறுபடியும் ஆசீர்வாதம். மூன்றாவது இடத்துக்கும் போகிறான். இடம் சரியில்லையோ என்று அவன் மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் மந்திர மனசு முழுசாகத் தெரிகிறது. "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை" என்பது பிலேயாம் வாயிலிருந்தே வருகிற வாக்கு.

புதிய ஏற்பாட்டில் இன்னும் பச்சையாக இருக்கிறது. சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன் அப்போஸ்தலர்களிடம் காசை நீட்டி, பரிசுத்த ஆவியைத் தருகிற அந்த வல்லமையை எனக்கும் கொடுங்கள் என்கிறான். அதைவிட எனக்குப் பிடித்தது எபேசுவில் நடந்தது, அப்போஸ்தலர் 19. ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு குமாரர், பவுல் பிசாசுகளைத் துரத்துவதைப் பார்த்துவிட்டு அந்த வாசகத்தைக் கடன் வாங்குகிறார்கள்: பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்பேரில் உங்களுக்கு ஆணையிடுகிறோம். பிசாசு, இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார் என்று கேட்டு அடித்துத் துவைக்கிறது, ஏழு பேரும் துணியில்லாமல் ஓடுகிறார்கள். அவர்கள் சொன்ன பெயரில் பிழை இல்லை, உச்சரிப்பிலும் பிழை இருந்ததாகத் தெரியவில்லை. சரியான பெயரையே மந்திரச் சொல்லாக எடுத்தார்கள், அதுதான் பிரச்சினை. எபேசு அந்த விஷயத்தில் பெயர்பெற்ற ஊர். அஸ்கியோன், கடாஸ்கியோன் என்று தொடங்கும் பொருள் விளங்காத ஆறு சொற்களை எபேசிய எழுத்துகள் என்றே பழைய உலகம் அழைத்தது, பாதுகாப்புக்காக அவற்றைச் சொல்வார்கள், எழுதி வைத்துக்கொள்வார்கள். ஸ்கேவா மக்கள் ஓடிய கதை பரவிய பிறகு அந்த ஊரில் மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள், கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. ஆனாலும் அந்தப் பழக்கம் சாகவில்லை. பாரிசில் இருக்கிற, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய மந்திரப் பாப்பிரஸ் ஏட்டில், எபிரெயரின் தேவனாகிய இயேசுவின்பேரில் உனக்கு ஆணையிடுகிறேன் என்று ஒரு வரி வருகிறது. ஸ்கேவாவின் குமாரர்கள் விட்ட இடத்திலிருந்து யாரோ தொடர்ந்திருக்கிறார்கள்.

இயேசு சொன்ன ஓரிரண்டு அரமேயச் சொற்களை மாற்கு அப்படியே வைத்திருக்கிறார் பாருங்கள், "தலீத்தாகூமி", "எப்பத்தா". மந்திரப் புத்தகமாக இருந்தால் அந்நியச் சொல்லை அப்படியே விட்டிருப்பார்கள், புரியாமல் இருப்பதில்தான் அதன் மவுசு. மாற்கு கையோடு அர்த்தத்தையும் சொல்லிவிடுகிறார்: சிறுபெண்ணே எழுந்திரு, திறக்கப்படுவாயாக. அதில் ரகசியமே கிடையாது, எந்த அப்பாவும் மகளை எழுப்பும்போது சொல்கிற வார்த்தை.

எல்லாம் இப்படிச் சுத்தமாகப் பிரிந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணாகமம் 5-இல் ஆசாரியன் சாப வார்த்தைகளை எழுதி, கசப்பான ஜலத்தில் கழுவி, சந்தேகத்துக்கு ஆளான மனைவிக்குக் குடிக்கக் கொடுக்கிறான். வெளியிலிருந்து பார்க்கிற யாரும் அதை மந்திரம் என்றுதான் சொல்வார்கள், நானும் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவே கடந்துபோகிறேன். பவுலின் சரீரத்தில் பட்ட உறுமால்களை நோயாளிகள்மேல் போட்டார்கள் என்பதும் அதே அப்போஸ்தலர் 19-இல்தான், ஸ்கேவா கதைக்கு முந்தைய வசனம். இயேசுவைப் பார்க்க வந்த "சாஸ்திரிகள்" விஷயமும் இருக்கிறது. மத்தேயு அவர்களுக்குப் பயன்படுத்தும் அதே கிரேக்கச் சொல்தான் பாப்போவில் பவுலை எதிர்த்த பர்யேசுவுக்கும் வருகிறது, அவனைத் தமிழில் "மாயவித்தைக்காரன்" ஆக்கிவிட்டோம். ஒரே சொல்லைப் பெத்லகேம் பக்கம் மரியாதையாகவும் மறுபக்கம் வசவாகவும் மொழிபெயர்த்துக்கொண்டோம். இதற்கெல்லாம் என்னிடம் முழுப் பதில் கிடையாது.

வேதத்தையே மந்திரமாக்குவது மட்டும் இன்றைக்கு நேற்றைக்குத் தொடங்கியதில்லை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கினதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். தேவன் செய்யச் சொன்ன பொருள் என்றுகூடப் பார்க்கவில்லை. 1979-இல் எருசலேமுக்குப் பக்கத்தில் கெதெப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறையில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்" என்ற வசனம் அவற்றில் கீறப்பட்டிருக்கிறது. வேத வசனம் எழுதப்பட்டு நம் கைக்குக் கிடைத்தவற்றிலேயே மிகப் பழையது அதுதான், அது தாயத்து. ரபி அகிபா காயத்தின்மேல் யாத்திராகமம் 15:26-ஐ முணுமுணுக்கிறவனுக்கு வரப்போகிற உலகத்தில் பங்கில்லை என்றார் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்று முடிகிற வசனம்! அதை முணுமுணுத்தால்கூடக் கூடாதா என்று முதலில் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இப்போது அவர் எங்கே கை வைத்தார் என்று புரிகிறது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைச் சங்கம் குருமார் தாயத்து செய்யக்கூடாது என்று விதி போட்டது. செய்துகொண்டிருந்தார்கள் என்பதால்தானே விதி.

மந்திரத்துக்குப் பயப்படுவதும் இதே வீட்டின் இன்னொரு அறை. "சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று தெரியும். 1692-இல் அமெரிக்காவில் இருக்கிற சேலம் என்ற ஊரில் மட்டும் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த நீதிபதிகள் நீதிமொழிகள் 26:2-ஐயும் படித்திருக்கலாம்: அலைந்துபோகிற அடைக்கலான் குருவியைப்போல, காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது. சூனியத்துக்குப் பயந்து தூக்கம் வராத யாருக்கும் 21 தடவைக்குப் பதிலாக நான் அந்த ஒரு வரியைத்தான் கொடுப்பேன்.

சரி, பெரியம்மாவுக்கு வருகிறேன். அவருக்கு போன் செய்தேன். முதலில் மத்தேயு 6:7 சொன்னேன், அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்பதை. அது அஞ்ஞானிகளுக்குச் சொன்னது என்றார். அப்புறம், இந்த சங்கீதம் 91-ஐ சுவிசேஷத்தில் வாய்விட்டுச் சொன்னது யார் என்று ஞாபகம் இருக்கிறதா பெரியம்மா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். மத்தேயு 4, தேவாலயத்து உப்பரிகை, "உம்மைக்குறித்துத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்" என்று சொல்லித் தாழக் குதிக்கச் சொன்னது பிசாசு. வசனம் வேதத்தில் இருப்பதுதான், அதை ஒரு நெம்புகோல் மாதிரி வைத்துத் தேவனைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். இயேசு மறுத்துவிட்டார்.

மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் பெரியம்மா கேட்டார்: "அப்ப நேத்து வரைக்கும் நாலு நாள் சொல்லிட்டேனே, அதை என்னடா பண்றது?"