நாய் கடிக்கிற பொம்மையை நாய் கடிக்கக் கூடாதாம்!

"நாய் கடிச்சா கிழியத்தான் சார் செய்யும்."

போன வாரம் ஒரு கடைக்காரர் என் முகத்துக்கு நேராகச் சொன்ன பதில் இது. நாய்க்கென்றே விற்கிற பொம்மை. அட்டை முழுக்க நாய்ப் படம். விலை 380 ரூபாய். இதை நாய் கடிக்கக் கூடாது என்றால் எதற்காக ஐயா விற்கிறீர்கள்? கேட்டுவிட்டு வந்தேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் சீனி ஒரு நாட்டு நாய். தெருமுனையில் மழையில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியைத் தூக்கி வந்தோம். இப்போது ஒன்றரை வயது. அவளுக்கு உயிர் ஒரு துணி வாத்து. அமுக்கினால் கீச்சென்று கத்தும். வாசலில் பால்காரர் வந்தாலும் சரி, சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் சரி, முதலில் உள்ளே ஓடி வாத்தைக் கவ்விக்கொண்டுதான் கதவுக்கு வருவாள். காட்டுவாள், கொடுக்க மாட்டாள். கையை நீட்டினால் ஓட்டம். நாம் துரத்தவில்லையா, அவளே திரும்பி வந்து முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு "வா, வா" என்று கூப்பிடுவாள். வாத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து தலையணையில் வைப்பாள். கட்டிலுக்கு அடியில் தானே தள்ளிவிட்டு, துடைப்பத்தால் நான் எடுத்துத் தரும்வரை முனகிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எடுத்துக் கொடுத்த மறுநிமிடம் அதே இடத்தில் மறுபடி தள்ளுவாள். அம்மாவின் துளசித் தொட்டியில் இரண்டு தடவை புதைத்தும் வைத்திருக்கிறாள். அந்தக் குறும்பைப் பார்த்தால் எவ்வளவு அலுப்பாக வீட்டுக்கு வந்தாலும் முகம் மலர்ந்துவிடும்.

வாத்தைக் கவ்வி இடமும் வலமுமாக உதறுவாளே, அது எலியைப் பிடித்த நாய் செய்கிற அதே உதறல். கீச்சுச் சத்தம் சின்னப் பிராணி கத்துவது போல இருப்பதால்தான் நாய்க்கு அந்த வெறி வருகிறது என்பார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் பல்லை வைக்கும். சத்தம் நிற்கும்வரை விடாது. நாய் வளர்க்கிற யாருக்கும் இது தெரியும். பொம்மை செய்கிறவனுக்கு மட்டும் தெரியாதா? தெரிந்துதானே உள்ளே கீச்சிடுகிற பிளாஸ்டிக் பீப்பியை வைக்கிறான்! வைத்துவிட்டு, அதை ஒற்றை நூல் தையலில் மூடி அனுப்புகிறான். வளர்ந்த நாய்க்கு வாயில் 42 பல். அதற்கு முன்னால் ஒற்றை நூல்!

பழைய வாத்து நைந்துவிட்டது என்று அந்தக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நான் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் கழுத்து பிரிந்து ஹால் முழுக்கப் பஞ்சு. பீப்பியைக் காணோம். சோபாவைப் புரட்டினோம், பாயை உதறினோம், இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. தண்ணீர்கூட நிற்கவில்லை. வாலை ஆட்டாமல் மூலையில் போய்ச் சுருண்டுகொண்டாள். அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

காலையில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார்; ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. உலோகமும் எலும்பும் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாதாம். பிறகு ஸ்கேனில்தான் பிடிபட்டது. நல்லவேளை, இரைப்பையிலேயே இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். குடலுக்குள் இறங்கி அடைத்திருந்தால் வயிற்றைக் கிழித்திருக்க வேண்டும். செலவு எங்கள் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டியது. பணம் போகட்டும். வாய் திறந்து சொல்லத் தெரியாத ஜீவன் ராத்திரி முழுக்கப் பட்ட வேதனைக்கு யார் பதில் சொல்வது?

கயிற்றுப் பொம்மை இதைவிட மோசம் என்று டாக்டர் சொன்னார். பிரிபிரியாக விழுங்கிய நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால், குடல் நாடாக் கோர்த்த பாவாடை மாதிரி சுருங்கி, நூலே குடலை அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்றார். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற கைவைத்தியமும் ஆபத்தாம். இதில் ஒரு வரியாவது அந்த அட்டையில் இருக்கிறதா? தேடிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், ஆங்கிலத்தில், "மேற்பார்வையில் பயன்படுத்தவும்" என்று ஒரே வரி. எந்த எடையுள்ள நாய்க்கு, எந்த வயதுக்கு என்று ஒன்றும் கிடையாது.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். குழந்தை வாயில் வைத்துவிடும் என்று பயந்துதானே சின்னப் பாகம் கழன்று வருகிறதா என்றெல்லாம் சோதிக்கிறார்கள்? அந்த ஆணை குழந்தைப் பொம்மையோடு நின்றுவிட்டது. நாள் முழுக்க வாயிலேயே வைத்திருக்கிற நாயின் பொம்மைக்கும் அப்படி ஒரு சோதனை வையுங்கள் என்று கேட்பது பெரிய தப்பா?

நிறத்திலாவது நாயை நினைத்தார்களா? நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1989லேயே சோதித்துச் சொன்னது. கடையில் போய்ப் பாருங்கள், அலமாரி முழுக்கச் சிவப்புப் பந்து. பச்சைப் புல்லில் அதைப் போட்டுவிட்டு, மோப்பம் பிடித்துத் தேடுகிற நாயைப் பார்த்து "மந்தம்" என்கிறார்கள். வாங்குகிறவன் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் போதும் என்று செய்த பந்து அது. பாவம், நாய் என்ன செய்யும்!

இதற்கெல்லாம் நடுவில் சொந்தக்காரர்கள் வேறு. "நாய்க்குப் போய் எதுக்குப் பொம்மை? ஒரு பழைய செருப்பைப் போட்டா கடிச்சுட்டுப் போகுது." செருப்பின் ரப்பரும் அதே குடலைத்தான் அடைக்கும், மாமா. நாள் முழுக்கக் கட்டிப் போட்டு, கடிக்க ஒன்றும் கொடுக்காமல் வைத்துவிட்டு, அது கதவைப் பிறாண்டினால் அடிக்கிற வீடுகளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடிப்பது அதற்குச் சேட்டை இல்லை, தேவை.

சீனி தேறிவிட்டாள். பழைய வாத்தின் வயிற்றைப் பிரித்துப் பீப்பியை நானே எடுத்துவிட்டு, கித்தான் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். சத்தம் வராத வாத்தை இரண்டு நாள் திருப்பித் திருப்பிக் கடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நேற்று ராத்திரிதான் மறுபடி தண்ணீரில் முக்கித் தலையணைக்குக் கொண்டுவந்தாள்.

வயிற்றிலிருந்து எடுத்த பீப்பியை டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போகிறேன். கல்லா மேல் வைத்துவிட்டு, அந்த அலமாரியில் தொங்குகிற மீதி வாத்துகளை இறக்கும்வரை நகரப் போவதில்லை.