அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது?

குவேக்கர் என்பது பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவச் சமயக் குழு. அவர்களது மௌன வழிபாட்டில் ஒருவர் எழுந்து "ஆண்டவரே" என்று ஆரம்பித்தால் சிலர் முகம் சுருங்குகிறது. "கடவுள் என்று ஒருவர் இருப்பதாக நான் நம்பவில்லை" என்று இன்னொருவர் பேசினால் வேறு சிலருக்கு மனம் கசக்கிறது. பிரிட்டனில் இந்த இரு தரப்பும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் யாரையும் உறுத்தாத பொதுச் சொற்களோடு நிறுத்திக்கொள்வதே நாகரிகம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

அந்த வழிபாட்டில் போதகர் இல்லை, தயாரித்த பிரசங்கம் இல்லை, எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணமும் இல்லை. உள்ளே ஏவுதல் வந்தவர் எழுந்து பேசுகிறார், அவ்வளவுதான். 1652இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் தேவாலயத்தில், குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் கேட்டதும் இதைத்தானே? "கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர் இப்படிச் சொன்னார்கள் என்பாய். நீ என்ன சொல்வாய்?" பின்னாளில் அந்த இயக்கத்தின் தூணாக நின்ற மார்கரெட் ஃபெல் அதைக் கேட்டு அழுதார். அப்படிக் கேட்டுப் பிறந்த ஒரு சமூகம், வாயைத் திறக்குமுன் சொல்லைச் சலித்துக்கொண்டிருக்கலாமா?

1763இல் நடந்த ஒன்றை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எல்லைப்புறத்தில் போர் மூண்டிருந்த நேரத்தில், நியூ ஜெர்சிக் குவேக்கர் ஜான் உல்மன் பென்சில்வேனியாவின் வயலூசிங் என்ற பூர்வகுடிக் கிராமத்துக்குப் போனார். மொழிபெயர்ப்பாளர்கள் திணறினார்கள். ஒரு கூட்டத்தில், மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்திலேயே ஜெபித்தார். பப்புனஹாங் என்ற தலைவர் பின்னர் சொன்னது உல்மனின் நாட்குறிப்பில் இருக்கிறது: சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை உணர எனக்குப் பிடிக்கும். ஒரு வார்த்தையும் புரியாதவர் சொன்னது இது! நாமோ அகராதி முழுக்கப் பொதுவாக வைத்துக்கொண்டும் ஒருவரையொருவர் கேட்காமல் போகிறோம்.

பிரிட்டிஷ் குவேக்கர்கள் தங்களுக்கு வழிகாட்டியாக வைத்திருக்கும் 'அறிவுரைகளும் வினாக்களும்' என்ற சிறு தொகுப்பின் 17ஆம் பகுதியும் அதையே கேட்கிறது: சொற்கள் அந்நியமாகவோ உறுத்தலாகவோ பட்டால், அவை எங்கிருந்து வருகின்றன, மற்றவர் வாழ்வுக்கு எது ஊட்டம் தந்தது என்று உணரப் பார்.

இதில் பாதிச் சுமை பேசுபவருக்கும் உண்டு. "இயேசு என்னைத் தாங்கினார்" என்பது சாட்சி. "நாம் எல்லோரும் அறிந்ததுபோல இயேசு..." என்றால் பக்கத்தில் இருப்பவர் வாயிலும் சொல்லைத் திணித்தாகிவிட்டது. "நம்மில் யாரும் இப்போது கடவுளை நம்புவதில்லையே" என்று நாத்திகர் சொல்வதும் அதே திணிப்புதான்.

நிர்வாகக் கூட்டம் வேறு. அங்கே எழுத்தர் வரையும் தீர்மானம் எல்லோர் பெயரிலும் நிற்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கட்டும், ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் சரி. தங்கள் நம்பிக்கையையும் நடைமுறையையும் தொகுத்துச் சொல்லும் ஒழுங்குப் புத்தகத்தைத் திருத்துவதென்று 2018இல் பிரிட்டிஷ் குவேக்கர்கள் முடிவெடுத்தார்கள். அதில் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுபவரின் பத்தியும், கடவுள் என்ற சொல்லே வேண்டாம் என்பவரின் பத்தியும் அவரவர் குரலிலேயே, மழுப்பாமல் அடுத்தடுத்து அச்சாக வேண்டும் என்பதே என் விருப்பம்.